சின்னவள் வைத்த தலைப்புகள்

என் மனைவியின் தங்கைக்கு நான் தொண்ணூறாயிரம் கடன்பட்டிருந்தேன். மறைக்க ஒன்றும் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஸ்பானரைக் கையில் பிடித்தவன் நான். இந்த வட்டாரத்திலேயே பெரிய வாஷிங் மெஷின் ரிப்பேர் கடையை ஒற்றை ஆளாக நிறுத்தியவன். எவரிடமும் கையேந்தியதில்லை என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தேன். அப்படிப்பட்டவன் அறுபத்திரண்டாம் வயதில் கையேந்தினேன், அதுவும் மச்சினியிடம். அவளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுநடுவே என்னைப் பற்றியும் வரும். நான் இல்லாமல் அந்தக் கதை நடக்கவில்லையே, என்ன செய்ய?

வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். ஐம்பது வயதாகியும் சின்னவள்தான். அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பத்து நாள் வீட்டில் தென்பட்டால் அதிகம். சின்னவள் ஒரு பெரிய வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார் பிரிவில் பத்தொன்பது வருஷம் போன் எடுத்தாள். காதில் ஹெட்போன், இரண்டு பக்கமும் நெஞ்சு உயரத் தடுப்பு, முன்னால் கம்ப்யூட்டர். ஒரு நாளைக்கு எழுபது எண்பது போன் வரும். திரையில் பதினான்கு கட்டங்கள் இருக்குமாம். அழுகிறவர் அழட்டும், கத்துகிறவர் கத்தட்டும், அவர்கள் சொல்வதை அந்தப் பதினான்கில் ஒன்றுக்குள் அடைக்க வேண்டும். "மெஷினுக்குள்ள குளமா நிக்குதும்மா" என்று ஒருவர் சொன்னால், இவள் 'வடிகால் கோளாறு' என்ற கட்டத்தை அழுத்த வேண்டும்.

கேட்டுக் கேட்டு அவள் காது வேறு மாதிரி ஆகிவிட்டது. யாராவது பேசினால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். வீட்டுக்காரர் இருமினால், "எத்தனை நாளா இந்தச் சத்தம் வருது? தொடர்ந்து வருதா, விட்டு விட்டு வருதா?" என்பாள். மனிதர் அதற்குப் பயந்தே இருமலை அடக்கப் பழகிக்கொண்டார்.

பத்தொன்பதாம் வருஷம் கம்பெனி புகார் பிரிவை மூடி, போனுக்குப் பதில் சொல்ல ஒரு இயந்திரத்தை வைத்துவிட்டது. கணக்குத் தீர்த்து அவள் கையில் கொஞ்சம் பணம் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பணத்தில்தான் நான் தொண்ணூறாயிரம் வாங்கினேன். ஒரு கேமரா, இரண்டு விளக்கு, ஒரு கம்ப்யூட்டர். என் கைவேலையை உலகம் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு என் கடை வாசலில் வரிசை கட்ட வேண்டும் என்பது என் திட்டம். ஒரு வருஷத்தில் திருப்பித் தருவதாக வாக்குக் கொடுத்தேன்.

பதினான்கு மாதத்தில் நூற்றுப் பன்னிரண்டு வீடியோ போட்டேன். இந்த வயதில் வேறு யார் போடுவார்கள்? 'வாஷிங் மெஷின் சக்கரவர்த்தி – பாகம் ஒன்று' என்று தொடங்கி, நூற்றுப் பன்னிரண்டு வரைக்கும் அதே தலைப்பு, எண் மட்டும் மாறும். ஒவ்வொன்றிலும் முதல் மூன்று நிமிஷம் நான் வாழ்க்கையில் எப்படி முன்னுக்கு வந்தேன் என்பதைச் சொல்வேன். நல்ல மூன்று நிமிஷங்கள். இன்றைக்கும் அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

ஒரு மாதத்தின் முதல் தேதி காலையில் சின்னவள் கடைக்கு வந்தாள். கழற்றிப் போட்டிருந்த டிரம் ஒன்றைத் தாண்டி வந்து, குடையை மடக்கி மேஜைமேல் வைத்தாள்.

"அத்தான், பணம் வேணும்."

எதிர்ச் சாரியில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை காலியாக இருந்தது. அதைப் பிடித்து, போன் எடுக்க ஆள் இல்லாத சின்னச் சின்னக் கடைகளுக்கெல்லாம் தானே போன் எடுத்துப் பேசிக் கொடுக்கும் தொழில் தொடங்கப் போகிறாள். முன்பணம் தொண்ணூறாயிரம். கட்டடக்காரர் மூன்று மாதம் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது. டியூஷன் வாத்தியார் ஒருவர் அதே அறையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"வீடியோவுல இருந்து வந்துடும்மா. கொஞ்சம் பொறு" என்றேன்.

"எத்தனை பேரு பாத்திருக்காங்க?"

நான் கீழே குனிந்து ஸ்பானரைத் தேடத் தொடங்கினேன். கல்லாவில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரி பதில் சொன்னாள். "ஒவ்வொண்ணும் முப்பத்தஞ்சு, நாப்பது பேரு. அதுல பதினோரு தடவ நான்."

"ஏன்க்கா, பதினோரு தடவயா?"

"இவரு போன எங்கிட்ட குடுத்துட்டு எதிர்லயே நிக்குறாருடி. என்ன செய்ய?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தேடிப் பாத்தா முதல்ல நான்தான் வரேன், தெரியுமா?" என்று என் போனை எடுத்து, 'வாஷிங் மெஷின் ரிப்பேர்' என்று அழுத்திக் காட்டினேன். முதலில் என் முகம். இரண்டாவதும் என் முகம். மூன்றாவதும் நான்தான், வேறு சட்டையில்.

சின்னவள் குடையை எடுத்துக்கொண்டாள். "வாங்க அத்தான், சும்மா பஸ் ஸ்டாப் வரைக்கும்" என்று கூட்டிப் போனாள். அங்கே முன்பின் தெரியாத ஒரு நர்ஸம்மா நின்றுகொண்டிருந்தார். "ஒரு சின்ன உதவி செய்வீங்களா? உங்க வீட்டு வாஷிங் மெஷின்ல தண்ணி வெளிய போகலேன்னா எப்படித் தேடுவீங்க, உங்க போன்ல தேடிக் காட்டுங்களேன்" என்றாள்.

அந்த அம்மா போனை வாயருகே வைத்து, "வாஷிங் மெஷின்ல தண்ணி போக மாட்டேங்குது" என்றார். யார் யாரோ வந்தார்கள். தொப்பி போட்டவன், தாடிக்காரன், கையுறை மாட்டிய ஒரு பெண். நர்ஸம்மாவின் விரல் ஓய்ந்து போகும்வரை கீழே தள்ளிப் பார்த்தோம். சக்கரவர்த்தியைக் காணோம். இன்னும் இரண்டு பேரிடம் கேட்டாள். அங்கேயும் இல்லை.

"உங்க போனுக்கு உங்களத் தெரியும் அத்தான். நாள் முழுக்க உங்களையேதான பாக்குறீங்க, அதான் உங்க மூஞ்சியையே காட்டுது" என்றாள் திரும்பும் வழியில். "ஊருக்கு உங்களத் தெரியாது."

நாற்பது வருஷம் தொழில் செய்தவனிடம் சொல்கிற பேச்சா இது? சுருக்கென்று தைத்தது. அன்று மதியம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டாம் முறை போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் அவள் மறுபடி வந்தாள், பணம் கேட்க அல்ல. "நீங்க எப்ப குடுக்குறது, நான் எப்ப வாங்குறது? எம் பணத்த நானே கறந்துக்குறேன்" என்று சொல்லி, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதலில் கேட்டது கடையின் பழைய ரசீதுப் புத்தகங்களை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ரசீது எழுதுவது என் வீட்டுக்காரி. 'சஸ்பென்ஷன் ராடு பழுது' என்று முறையாக எழுதச் சொன்னால் கேட்க மாட்டாள். வந்தவர் வாயில் என்ன வந்ததோ அதையே எழுதிவைப்பாள். 'மெஷின் நடந்து கதவுகிட்ட வந்துடுச்சு.' 'துணி சொட்டச் சொட்ட வருது.' இதற்காக நான் அவளைத் திட்டாத நாளில்லை. ஆறு வருஷத்து ரசீதுகள் அப்படியே மூன்று பழைய டிரம்களுக்குள் கிடந்தன. சின்னவள் அவற்றைப் பார்த்ததும் புதையலைக் கண்டவள் மாதிரி ஆகிவிட்டாள்.

"அக்கா, இத யாரு எழுதச் சொன்னது உன்ன?"

"யாரும் சொல்லல. வேணாம்னுதான் சொன்னாரு."

"அப்ப சரியாத்தான் செஞ்சிருக்க."

அக்காவும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பெரியவள் வாசிக்க, சின்னவள் கொண்டையில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஒவ்வொரு புகாருக்கும் ஒரு கோடு போட்டாள். பத்து நாள் இதே வேலை. கடை முழுக்கச் சிரிப்பு. வேலையாட்கள் ஸ்பானரை வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்கள்.

"'மெஷினுக்குப் பேய் புடிச்சிருக்கு'ன்னு இருக்குடி. இத எதுல சேக்குறது?"

"எத்தனை பேரு சொல்லிருக்காங்க?"

"ஏழு பேரு."

"அப்ப பேய்க்குத் தனியா ஒரு கோடு போட்டுருவோம்."

கடைசியில் கணக்கு வந்தது. 'துணி பிழியும்போது மெஷின் குதிக்குது, நடக்குது' நானூற்றுப் பன்னிரண்டு. 'தண்ணி வெளிய போகல' முந்நூற்று அறுபத்தேழு. அதற்குக் கீழே மற்றவை.

"இதெல்லாம் நான் சொல்லிருக்கேனே! குதிக்குறதுக்குப் பாகம் நாப்பத்தேழு!" என்று குறுக்கே பாய்ந்தேன்.

"பாகம் நாப்பத்தேழுன்னு யாரு அத்தான் தேடுவா? வீட்டுல மெஷின் குதிக்குறப்ப ஒருத்தி கையில துணியோட நின்னுக்கிட்டு, வாயில வர்ற வார்த்தையத்தான் போன்ல சொல்லுவா. அந்த வார்த்தை நம்ம வீடியோவுல இருக்கணும். நான் பத்தொம்பது வருஷமா ஜனங்க சொன்னத அழிச்சுட்டு கம்பெனி பாஷையில எழுதினேன். இப்ப கம்பெனி பாஷைய அழிக்கப் போறேன்."

அப்புறம் வெட்டினாள் பாருங்கள், தையற்காரர் தோற்றார். நாற்பது நிமிஷ வீடியோவை ஏழாக வெட்டினாள், ஒரு புகாருக்கு ஒரு வீடியோ. ஒவ்வொன்றுக்கும் ஜனங்கள் கேட்கிற மாதிரியே தலைப்பு. அதன் கீழே இரண்டு வரியில் என்ன கோளாறு, எந்த மாதிரி மெஷின், எத்தனையாவது நிமிஷத்தில் என்ன செய்கிறோம், கடை போன் நம்பர். முன்பக்கப் படத்தில் இருந்த என் முகத்தைத் தூக்கிவிட்டு, அழுக்கு அடைத்த ஒரு குழாயை வைத்தாள். என் வாழ்க்கை வரலாற்றையும் வெட்டினாள். அதற்கு மட்டும் இரண்டு நாள் சண்டை நடந்தது.

"அந்த மூணு நிமிஷம் இல்லேன்னா நான் யாருன்னு எப்படித் தெரியும்?"

"வீடெல்லாம் தண்ணி ஓடுது அத்தான். நீங்க அஞ்சாங் கிளாஸ்ல என்ன பண்ணீங்கன்னு கேட்டுக்கிட்டா நிப்பாங்க?"

இந்த முறையில்தான் இன்று பூட்டுத் திறப்பவர், பல் டாக்டர், சைக்கிள் கடைக்காரர் எல்லோருக்கும் அவள் வேலை செய்து கொடுக்கிறாள். முதன்முதலில் செய்து பார்த்தது என் வீடியோவில். அந்தப் பெருமை எனக்குத்தான்.

ஒரு மாதம் போனது. நாற்பது பேர் பார்த்தது இருநூறு பேரானது. "ஊறணும், அவசரப்படாதீங்க" என்றாள். எனக்கா பொறுமை? டியூஷன் வாத்தியார் தினமும் மாடிப்படி ஏறி அறையை அளந்துவிட்டுப் போவதை என் கண்ணால் பார்க்கிறேன். நான் ஒரு வேலை செய்தேன். எங்கள் சொந்தக்காரர்கள் எண்பத்துநாலு பேர் போனில் ஒரு குழுவாக இருக்கிறோம். நல்லது கெட்டது எல்லாம் அதில்தான் வரும். 'குதிக்கும் மெஷின்' வீடியோவை அதில் அனுப்பி, எல்லோரும் உடனே திறக்க வேண்டும், திறந்தவர்கள் கையெழுத்துப் போடுகிற மாதிரி குழுவில் பெயர் போட வேண்டும் என்று கட்டளை போட்டேன். எண்பத்துநாலு பேரும் பெயர் போட்டார்கள். என் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு. மூன்று நாள் தொடர்ந்து இப்படியே செய்யச் சொன்னேன்.

நாலாம் நாள் சின்னவள் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மேலே ஏறிக்கொண்டிருந்த பார்வைக் கணக்கின் கோடு தரையில் படுத்திருந்தது.

"அத்தான், என்ன பண்ணீங்க?"

சொன்னேன். பெருமையாகவே சொன்னேன்.

"அத்தனை பேரும் உள்ள வந்து ஆறு செகண்டுல வெளிய ஓடியிருக்காங்க. நம்ம வீட்டுக்குள்ள நுழையிறவன் எல்லாம் மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுனா, தெருவுல போறவன் என்ன நெனைப்பான்? தேடுற எந்திரமும் அததான் நெனைச்சிருக்கு. இந்த வீடியோவ இனி யாருக்கும் காட்டாது."

"சொந்தக்காரங்கதான பாத்தாங்க?"

"சொந்தக்காரங்கதான் ஓடுனாங்க!"

வீட்டுக்காரி ரசீதுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். சின்னவள் சிரிக்கவில்லை. நாள்காட்டியைப் பார்த்தாள். முப்பத்துநாலு நாள் இருந்தது. முதன்முறையாக அவள் குரல் தாழ்ந்தது. "அந்த ரூம் போச்சுன்னா, அத்தான், இந்த வயசுல மறுபடி எவங்கிட்டயாவது போய் ஹெட்போன் மாட்டிக்கிட்டுத்தான் உக்காரணும்."

போட்ட கட்டளையைக் குழுவிலிருந்து நானே அழித்தேன். என் வீட்டுக்காரியைக் கேளுங்கள், அது வருஷத்துக்கு ஒரு தடவைகூட நடக்காது.

இரண்டு நாள் கழித்துச் சலூன்காரர் ஓடி வந்தார். அவர் சலூனின் பின்னறையில் துண்டு துவைக்கிற மெஷின் ஒன்று உண்டு. அது பிழியும்போது குதித்துக் குதித்து நடந்துவந்து கதவில் சாய்ந்து நின்றுகொண்டதாம். கதவு உள்பக்கம் திறக்கும் கதவு. இப்போது எவராலும் உள்ளே போக முடியவில்லை. துண்டெல்லாம் உள்ளே, முடி வெட்டிக்கொண்டவர்கள் ஈரத் தலையோடு வெளியே.

சின்னவள் முக்காலியை விட்டு எழுந்தாள். "இதுதான் நம்ம புது வீடியோ" என்றாள்.

என் வேலையாள் நெட்டையன் ஜன்னல் வழியாக இறங்கி, மெஷினை நகர்த்திக் கதவைத் திறந்தான். சின்னவள் கேமராகூட எடுக்கவில்லை, போனையே பிடித்துக்கொண்டாள். மெஷினை மறுபடி ஓடவிட்டோம். அது ஆடிய ஆட்டம்! சலூன்காரர் ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "புடிங்கய்யா! புடிங்க! மறுபடி கதவுக்குப் போகுது!" என்று கத்தினார். அந்த ஐந்து விநாடிதான் வீடியோவின் தொடக்கம். அதற்கப்புறம் நான் சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை அவளே எழுதிக் கொடுத்திருந்தாள்: "மெஷின் குதிச்சு நடக்குதா? பயப்படாதீங்க. முதல்ல அதோட நாலு காலையும் பாருங்க."

பெயர் சொல்லவில்லை, கடை சொல்லவில்லை. நேராக வேலை. ரசமட்டத்தை வைத்துக் காட்டினேன். தேய்ந்த காலைத் திருகி உயர்த்தி, நட்டை இறுக்கினேன். உள்ளே டிரம்மைத் தாங்குகிற நாலு ராடையும் கழற்றி, தளர்ந்தது எது, நல்லது எது என்று கையில் பிடித்து அழுத்திக் காட்டினேன். நாலும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் மறுபடி நடக்கும் என்றேன். நாலரை நிமிஷம். முடிவில் மெஷின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பிழியவிட்டேன். தளும்பவில்லை. அந்த டம்ளர் என் யோசனை. அதையும் எழுதிவைக்க வேண்டும்.

'துணி பிழியும்போது வாஷிங் மெஷின் குதிக்குது, நடந்து வருது – என்ன செய்யணும்?' இதுதான் தலைப்பு. கீழே, ராடு வேண்டுமென்றால் அனுப்பித் தருகிறோம் என்று ஒரு வரி. சொந்தக்காரர் குழுவுக்கு அனுப்பக் கூடாது என்று என் போனைப் பிடுங்கி வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டாள்.

ஒன்பது நாள் ஒன்றுமில்லை. பத்தாம் நாள் காலை கடை போன் அடித்தது. சின்னவள்தான் எடுத்தாள்.

"சொல்லுங்க, என்ன ஆச்சு?"

வெளியூர்ப் பெண்குரல். மூச்சு வாங்கப் பேசியது கல்லா வரைக்கும் கேட்டது. "அக்கா, எங்க மெஷினும் அந்தச் சலூன்காரரு மெஷின் மாதிரியே நடக்குதுக்கா! மாமியார் அதுமேல ஏறி உக்காந்திருக்காங்க, எறங்கச் சொல்லவா வேணாமா?"

"மொதல்ல மெஷின நிறுத்துங்க. அப்புறம் மாமியார எறக்குங்க."

அந்தப் பெண் நாலு ராடு கேட்டாள். அது முதல் விற்பனை. மாலைக்குள் இன்னும் இரண்டு. சின்னவள் என்னை பஸ் ஸ்டாப்புக்கு இழுத்துப் போனாள். ஒரு தபால்காரர் போனில் மூன்றாவதாக வந்தோம். நாலு நாள் கழித்து ஒரு பழக்கடைக்காரம்மா போனில் முதலாவதாக வந்தோம். அதன்பின் நான் தினமும் போய் யாரிடமாவது தேடச் சொன்னேன். கடைசியில் என்னைத் தூரத்தில் கண்டதுமே ஆட்கள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள்.

குதிக்கிற மெஷினைப் பார்க்க வந்தவர்கள் தண்ணீர் போகாத வீடியோவையும் பார்த்தார்கள், பேய் பிடித்த மெஷினையும் பார்த்தார்கள். ராடு போக, தண்ணீர் தள்ளும் பம்பும் பெல்ட்டும் கேட்டார்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து பொட்டலம், இருபது பொட்டலம். நெட்டையன் ராடைச் சுருட்டிக் கட்ட, வீட்டுக்காரி விலாசம் எழுத, சின்னவள் கண்ணை மூடிக்கொண்டு போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள். உள்ளூரிலிருந்தும் இருபத்திரண்டு மெஷின் வந்து வாசலில் வரிசை கட்டி நின்றன. நான் திட்டம் போட்டது என்ன? வரிசைதானே? வந்ததா இல்லையா?

லாபத்தை மட்டும் தனியாக ஒரு தகர டப்பாவில் போட்டோம். இடையில் ஒருநாள் இருபதாயிரம் எடுத்து நீட்டினேன். வாங்க மறுத்துவிட்டாள். "பிச்சுப் பிச்சுக் குடுத்தா செலவாயிடும். மொத்தமா வைங்க" என்றாள். கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது டப்பாவில் எண்பத்து மூவாயிரத்து ஐந்நூறு இருந்தது. அன்று எனக்குச் சாப்பாடு முதல் தடவையே இறங்கவில்லை. மறுநாள் காலையில் இரண்டு பெரிய மெஷினைச் சரிசெய்து ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஒப்படைத்தேன். கணக்கர் அங்கேயே நின்று ரொக்கமாகக் கொடுத்தார், எட்டாயிரம். நான் திரும்பி வந்தது நடையா ஓட்டமா என்று எனக்கே தெரியாது.

கடைக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை வாசலில் நாற்காலி போட்டுக் கட்டடக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் டியூஷன் வாத்தியார், கையில் ஒரு சுவர்க் கரும்பலகையோடு. மணி பதினொன்றரை. பன்னிரண்டு அடித்தால் அறை வாத்தியாருக்கு.

"இரும்மா, கேமராவ வெச்சுக்குறேன். கடன் அடைக்குறத ஜனங்க பாக்கட்டும்" என்றேன்.

"கடன் எப்படி அடைக்குறதுன்னு தேடுறவங்க நெறைய பேரு அத்தான். ஆனா இப்ப வேணாம். எண்ணுங்க, அவரு எந்திரிக்குறாரு பாருங்க!"

சின்னவள் வலது கையை நீட்டி விரித்தாள். நான் டப்பாவைத் திறந்து, ஆயிரம் ஆயிரமாக உரக்க எண்ணி வைத்தேன். முப்பது வந்தபோது அவள் இடது கையையும் அடியில் கொடுத்தாள். அறுபதில் வேலையாட்கள் கூடச் சேர்ந்து எண்ணினார்கள். எண்பதில் வீட்டுக்காரி கல்லாவை விட்டு எழுந்து வந்து நின்றாள். எல்லாம் பலபேர் கைபட்டுக் கசங்கிய தாள்கள். என் விரலில் இருந்த எண்ணெய்க் கறையும் அவற்றில் ஏறியது. சின்னவள் கண்ணை மூடவில்லை. ஒவ்வொரு தாளையும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எண்பத்தொம்பது" என்றேன். கடைசி இரண்டு ஐந்நூறு தாள்களை நீவி, அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"தொண்ணூறு."